வெங்காயச் சருகின் மஞ்சள்



காலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வந்தேன். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்த இடத்தில் காலடியெல்லாம் சருகு. இரண்டு கை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார். "வாத்தியாரே, வெங்காயத்த விட்டுட்டுச் சருக அள்ளிட்டுப் போறீங்களே!" வீட்டில் அதைக் கொதிக்கவைத்து, கொஞ்சம் படிகாரம் போட்டு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை முக்கி எடுத்தேன். இதோ பாருங்கள், பொன் மஞ்சள்.

இந்த நிறத்தைத் தருவதில் முக்கியமானது குவெர்சிடின். வேதியியல்காரர்கள் அதை ஃபிளேவோன் குடும்பத்தில் சேர்ப்பார்கள். வெங்காயம் அதை மண்ணுக்குள் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நாம் சோதனைக்குடுவையில் செய்யவேண்டுமென்றால் வழி தெரியவேண்டும். அந்த வழிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தவர் 1901-இல் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். மாநிலக் கல்லூரியில் படித்தார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தார். பிறகு லாகூரில் பேராசிரியர். அங்கே இருக்கும்போதுதான், 1933 வாக்கில், அந்த வினை வெளிவந்தது.

வினை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ஒரு மூலக்கூற்றில் ஆக்சிஜன்மேல் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. காரம் பட்டதும் அது எழுந்து, பக்கத்துக் கார்பன்மேல் போய் உட்காருகிறது. சத்திரம் போகிற பேருந்தில் ஜன்னலோரம் காலியானால் நாம் நகர்ந்துகொள்கிறோமே, அதே மாதிரி. அப்புறம் அமிலம் விட்டால் வளையம் மூடிக்கொள்ளும், ஃபிளேவோன் கையில் கிடைக்கும். இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் தனியாக இதையே கண்டார். அதனால் இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் இதற்குப் பெயர் பேக்கர்–வெங்கட்ராமன் இடமாற்ற வினை. எத்தனையோ வருஷம் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். வெங்கட்ராமன் நம் ஊர்க்காரர் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அது என் தப்பு.

வழிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். நூறு மூட்டை வெங்காயம் பத்துக் கை மாறி வருகிறது, ஒவ்வொரு கையிலும் ஐந்தில் ஒரு பங்கு அழுகிப்போகிறது என்று வையுங்கள். கடைசியில் மிஞ்சுவது பத்து மூட்டையும் சொச்சமும். ஐந்தே கை மாறினால் முப்பத்துமூன்று மூட்டை வரை நிற்கும். மாத்திரை செய்வதும் இப்படித்தான். படிக்குப் படி சேதாரம். ஐந்து படியைக் குறைக்கிற ஒரு புது வினை, விலையையே மாற்றிவிடும்.

வழிக்குத் தரும் இந்த மரியாதையைச் சட்டமாக எழுதியதிலும் நம் பக்கத்துக் கை உண்டு. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் காப்புரிமை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வேண்டாம், அதைச் செய்யும் முறைக்கு மட்டும் கொடுங்கள் என்பது அதன் சாரம். 1970-இல் அது சட்டமானது, 1972-இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, நீ போன பாதையில் நான் வரமாட்டேன், ஆனால் நானே ஒரு பாதை வெட்டிக்கொண்டால் தடுக்காதே. என்னைக் கேட்டால், நம் வேதியியலாளர்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய ஆய்வுக்கூடம் அந்தச் சட்டம்தான்.

பாதை வெட்டியவர்களில் ஒருவர் ஏ.வி. ராமா ராவ். ஆந்திரக்காரர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் வெங்கட்ராமனிடமே முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பாதை வெட்டியது எச்.ஐ.வி. மருந்துக்கு. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அந்தத் தொற்றுக்கான ஏ.இசட்.டி. மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எட்டமுடியாத விலை. அதன் தொடக்கப்பொருளான தைமிடினை முதலில் ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஹைதராபாதில் ராமா ராவ் குழு அந்த மருந்துக்கு வேறு வழி கண்டது. சிப்லா மருந்து நிறுவனம் அதைத் தயாரித்தது. 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது, மூன்று எய்ட்ஸ் மருந்துகளைச் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அதுவரை பத்தாயிரம் டாலருக்கு மேல். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது, தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. அங்கே வரிசையில் நின்றவர்களுக்கு ராமா ராவ் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

2005-இலிருந்து பொருளுக்கே காப்புரிமை வந்துவிட்டது. அதற்காகப் புது வழி தேடுகிற வேலை முடிந்துவிடவில்லை. வேறு காரணம் வந்திருக்கிறது: குப்பை. ஒரு கிலோ மருந்து செய்ய 25 முதல் 100 கிலோ வரை கழிவு வருகிறது என்று வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். சாயங்காலம் இந்த மார்க்கெட்டில் அள்ளுகிற குப்பைகூட அவ்வளவு விகிதம் இருக்காது.

இங்கே சர்க்கரைக்காரர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிக் கை எழும். உங்களில் சிலர் சிட்டாகிளிப்டின் சாப்பிடுவீர்கள். அதை முதலில் ரோடியம் என்ற அரிய உலோகத்தை வைத்து, உயர் அழுத்த ஹைட்ரஜனில் செய்தார்கள். பிறகு ஒரு நொதியைப் பழக்கி, அதன் கையில் அந்த வேலையைக் கொடுத்தார்கள். உலோகம் போயிற்று, கழிவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நம் வீட்டு மாவு புளிக்கிறதும் நொதிகளின் வேலைதான். நாம் இட்லியோடு நின்றுவிட்டோம்.

மாணவர்களே, இந்தக் கைக்குட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து தொட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் எலுமிச்சையும் இன்னொரு மூலையில் சோடா உப்பும் தடவிப் பார்த்து, நிறம் என்ன ஆகிறதென்று எனக்குச் சொல்லுங்கள். சருகு வேண்டுமென்றால் மண்டியில் கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் காசு வாங்கமாட்டார்கள்.