பிள்ளையின் கையில் சாவி, பெற்றோரின் தோளில் பொறுப்பு



அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ஜும்ஆவுக்கு வந்த நாம் கோபாலபுரத்துத் தெருக்களில் நிறுத்தியிருக்கும் வண்டிகளில் எத்தனையை நம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓட்டி வந்தனர்? “பக்கத்துத் தெருதானே, தொழுகைக்குத்தானே!” என்று நாமே சாவியைக் கொடுக்கிறோம். வழியில் ஒரு முதியவரின் கால் முறிந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

பருவமடையும் வரை சிறுவர் மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. ஆனால், பாவம் எழுதப்படாது என்பதால் பிறருடைய உரிமை அழிந்துவிடுவதில்லை. சிறுவன் உடைத்த பொருளுக்கும் ஈடு உண்டு என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களின் கருத்து. அவனுக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்து அது கொடுக்கப்படும். பெற்றோரின் அலட்சியமே காரணமென்றால் பொறுப்பு அவர்களையே சேரும்.

ஒரு தோழரின் ஒட்டகம் தோட்டத்தில் புகுந்து சேதம் விளைவித்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை என்றும், இரவில் கால்நடை செய்த சேதத்துக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு என்றும் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. காக்க வேண்டிய நேரத்தில் காக்கத் தவறியவரே ஈடு செய்ய வேண்டும். நம் வீட்டு வண்டியின் சாவியைக் காப்பது யார் கடமை?

சகோதரர்களே! நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டதாகவோ நிரூபிக்கும் சுமையும் பெற்றோர் மீதே.

“இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!” என்று சிலர் ஆறுதல் அடைகின்றனர். உரிமம் இல்லாத சிறுவன் ஓட்டிய வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுக்கும்படியும், பிறகு அதை வாகன உரிமையாளரிடம் வசூலிக்கும்படியும் நீதிமன்றங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிட்டுள்ளன. தமக்குத் தெரியாமல் சிறுவன் சாவியை எடுத்துச் சென்றான் என்று ஓர் உரிமையாளர் வாதிட்டபோதும், 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டி தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பே என்றது. ஆக, நாம் கட்டிய பிரீமியம் நம் அலட்சியத்துக்கு விலையாகாது.

தாய்மார்களே! வண்டியோடு மட்டும் இது முடிவதில்லை. தெருக் கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தால், “குழந்தைதானே” என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். நபி (ஸல்) அவர்களின் வீட்டில் ஒரு நாள், துணைவியரில் ஒருவர் ரோஷத்தால் தட்டிவிட, மற்றொரு துணைவியார் உணவு கொடுத்தனுப்பிய தட்டு உடைந்தது. நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. சில்லுகளைத் தம் கையாலேயே சேகரித்தார்கள். ஆனால், உடைந்ததை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டு, முழுத் தட்டு ஒன்றைத்தான் திருப்பி அனுப்பினார்கள். இது புகாரியில் உள்ளது. அங்கே அன்பும் குறையவில்லை. அடுத்தவர் உரிமையும் குறையவில்லை.

நம் பிள்ளையின் கையைப் பிடித்து அந்த வீட்டு வாசலுக்கு அழைத்துச் செல்வோம். அவனே மன்னிப்புக் கேட்கட்டும். நாம் பணத்தைக் கொடுப்போம். இன்று அந்த வாசலில் தீர்க்காத கடனை மறுமையில் நம் நன்மைகளைக் கொண்டே தீர்க்க நேரும். தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறர் உரிமையைப் பறித்ததால் அனைத்தையும் இழப்பவனையே நபியவர்கள் உண்மையான ஓட்டாண்டி என்றார்கள்.

இன்று வீடு திரும்பியதும், உரிமம் பெறாத பிள்ளையிடமிருந்து சாவியை அன்போடு வாங்கி வையுங்கள். பிறர் உரிமையைப் பேணி வாழும் பிள்ளைகளை வளர்க்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.