கால்நடைப் படிப்பில் வேதியியலின் இடம்

இத்தனை மூத்த ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் கூடியுள்ள அவைக்குத் தலைமை ஏற்பது பெரும் பேறு. எந்த வேலைக்கு எந்த அறிவியல் பாடம் என்பது மாநாட்டின் பொருள். இதன் அரிச்சுவடியை இங்கே சொல்ல வேண்டியதில்லை. கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. 2020-21இல் உடுமலைப்பேட்டையிலேயே கல்லூரி தொடங்கியதால், பனியன் கம்பெனி ஒன்றே வழி என்றிருந்த பிள்ளைகளுக்கு வீட்டருகே இன்னொரு வழி திறந்திருக்கிறது. பல்லடத்துக் கறிக்கோழித் தொழிலும் தீவன ஆலைகளும் தரும் வேலைகளைப் பிற்பகல் அமர்வுகள் பார்த்துக்கொள்ளும்.

இந்த உரை ஒரே ஒரு பாடத்துக்காக வாதாட வந்திருக்கிறது. அது வேதியியல்.

மாட்டைப் படிக்க விலங்கியல் போதும், வேதியியல் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. மதிப்புக்குரிய நண்பர்கள் சிலரும் அதே கட்சி. காங்கேயம் மாடு என்றதும் அவர்கள் லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடை நூலை எடுப்பார்கள்; கொம்பு, திமில், நிறம் என்று பேச்சு நீளும். அந்த நூலின் மேல் இந்த உரைக்கும் மரியாதை உண்டு. ஆனால் மாடு குடிக்கும் தண்ணீரைப் பற்றி அவர்களிடம் பேச்சே எழுவதில்லை.

அந்தத் தண்ணீரின் கதை சாயத்தில் தொடங்குகிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற, நம் வட்டாரச் சாயப்பட்டறைகள் சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ பெருமளவில் சேர்க்கின்றன. அந்தக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாயிற்று. கரையோரக் கிணறுகளும் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது வரை எல்லாரும் அறிந்த கதை. அதன் கால்நடைப் பக்கம்தான் படிக்கப்படாமல் கிடக்கிறது.

தண்ணீரில் சல்பேட் மிகுந்தால் மாட்டின் உடல் தாமிரச் சத்தை ஏற்பது குறையும். தாமிரம் குறைந்தால் சினைபிடிப்பு பாதிக்கும், உரோமம் வெளிறும். கறுப்பு மாட்டில் வெளிறலைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். காங்கேயம் கன்றோ செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் தானாகவே சாம்பல் நிறத்துக்கு மாறுவது. வளர்ந்த பசுவும் பெரும்பாலும் மயிலையோ வெள்ளையோதான். அதில் எது இயல்பு, எது குறைபாடு என்று பார்வையால் பிரிப்பது எளிதல்ல. நிறத்தை வைத்தே இனத்தை எடைபோடும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே என்பார்கள். கழிவுநீருக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பும் அந்த மொத்த உப்பைக் குறிப்பதுதான். மீட்டரைத் தாழித் தண்ணீரில் முக்கினால் எண் வரும். அந்த உப்பு குளோரைடா சல்பேட்டா என்று வராது. அதற்கு நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகமே போதும். சோதனைக்குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு, பேரியம் குளோரைடு சேர்த்தால், சல்பேட் இருக்கும்போது கரையாத வெள்ளை வீழ்படிவு இறங்கும். உப்பறிசோதனை என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு மறந்துபோகும் பாடம் இதுதான். வழக்கமான மாதிரி உப்போடு, ஆசிரியர் கண் முன்னே, ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் பிள்ளைகள் சோதிக்கட்டும். இதே பயிற்சி பெற்றவருக்குச் சாயப்பட்டறை ஆய்வகத்திலும் வேலை உண்டு, கால்நடை மருத்துவமனையிலும் உண்டு.

செய்முறை நேரத்தைக் குறைத்து இனவகைப் பாடத்தைக் கூட்டலாம் என்ற முன்மொழிவு முதல் அமர்வுக்கு வருகிறது. எழுதியவர் மீதுள்ள மதிப்பு குறையாமலே இந்தத் தலைமை அதை எதிர்க்கிறது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வரும் மாடு என்ன இனம் என்று அதை ஓட்டி வரும் பையனுக்கே தெரியும். அது தாழியில் குடிப்பதில் என்ன கரைந்திருக்கிறது என்பதைத்தான் பள்ளிக்கூடம் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.