கையை விட்ட கல்

 

மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலை வட்டமாக விரிந்து, முன்னே சென்றவாறே தாழ்ந்து, ஈயக் குண்டுகளோடு நீரில் விழுகின்றது. முன்னே செல்லும் வேகம் கை கொடுத்தது. கீழே இழுப்பது பூமி. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஒரு கல்லைக் கிடையாக எறிந்து, அதே கணத்தில் அதே உயரத்திலிருந்து இன்னொன்றை நழுவ விட்டால், சமதரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே விழும்.

கையை விட்ட பின்பும் கல் ஏன் செல்கின்றது? காற்றே அதைத் தள்ளுகின்றது என்றார் அரிஸ்டோட்டில். 1037ஆம் ஆண்டு மறைந்த நமது அறிஞர் இப்னு ஸீனா அதனை ஏற்கவில்லை. எறிபவனே பொருளுக்குள் ஓர் உந்துதலை வைத்துவிடுகின்றான் என்றார். அதனை 'மைல்' என அழைத்தார். (தூரம் அளக்கும் மைல் அன்று, சாய்வு எனப் பொருள்படும் அரபுச் சொல்.) தடையேதும் இல்லாவிடின் அவ்வுந்துதல் அழியாது என்பதும் அவர் கருத்து. எறியத்தின் பாதை பரவளைவு என்பதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் நிறுவினார். உயர்தர வகுப்பில் நம் பிள்ளைகள் படிப்பது இதைத்தான்.

இதனை வானொலியில் பேசுவானேன் என்கிறீர்களா? மாங்காய்க் காலத்தில் நம் சிறுவர்களின் கைகளைப் பாருங்கள்.

ஒரு சிறுவன் செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் கல்லை நேர்மேலே எறிகின்றான் என்று கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8. கல் சுமார் பதினொன்றரை மீற்றர் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்புகின்றது. காற்றின் தடையை விட்டுவிட்டால், எறிந்த வேகத்திலேயே அவன் கை மட்டத்திற்கு வந்து சேரும். அது மணிக்கு 54 கிலோமீற்றர்! அதே கல்லைச் சாய்வாக எறிந்து மாங்காய் தவறினால், ஏறக்குறைய 23 மீற்றருக்கு அப்பால் விழும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் வீட்டோடு வீடு ஒட்டிய காத்தான்குடியில், 23 மீற்றர் என்பது யாருடைய வளவு? அங்கே முற்றத்தில் விளையாடும் குழந்தையை எறிந்தவன் காண்பதில்லை. கல்லைத் திரும்ப அழைக்கவும் அவனால் இயலாது.

பெற்றோர்களே! விரலிடுக்கில் சிறுகல் வைத்து எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அக்கல் வேட்டைக்கும் உதவாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும் என்பதே காரணம். அதனை அறிவித்த அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி) அவர்கள், அவ்வாறு எறிந்த ஒருவருக்கு இதனை எடுத்துச் சொன்னார்கள். அவர் மீண்டும் எறிந்தார். அதன்பின் அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.