பொறியின் மறதி

பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தை தெருவிலே கன்னடம் கற்கிறது. வீட்டில் நாள்தோறும் தமிழ் ஒலிக்குமாயின், முன்னதை இழப்பதில்லை. மொழிபெயர்க்கும் கணிப்பொறிக்கோ இது எளிதன்று.

1989ஆம் ஆண்டில் மக்கிளாஸ்கி, கோகன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஒரு செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்கு ஒன்றைக் கூட்டும் கணக்குகளைக் கற்பித்தனர். பின்னர் இரண்டைக் கூட்டும் கணக்குகளை மட்டும் கற்பித்தனர். இரண்டாம் பாடம் ஏற ஏற, முதற்பாடம் அழிந்தது.

காரணம் யாது? வலைப்பின்னலின் அறிவு முழுவதும் அதனுள் அமைந்த எண்களில் அடங்கியது. பழைய பாடத்திற்கு ஒரு பெட்டி, புதியதற்கு வேறொன்று என்பதில்லை. புதிய பிழையைத் திருத்துங்கால் பழைய எண்களே மாறுகின்றன.

பரிகாரங்களுள் எளியது, புதிய பாடத்தினிடையே பழையதையும் கலந்து ஓதுவித்தல். அதற்குப் பழைய பாடம் கைவசம் இருத்தல் வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வாணித் திட்டம் மாவட்டந்தோறும் மக்கள் பேச்சைப் பதிந்து வைப்பது இவ்வகைத் தேவைக்கும் உதவும்.

அலுவலகக் கடிதங்களையே பின்னர் ஊட்டினால், பொறி பாட்டியின் பேச்சை மறக்கலாம். மறந்ததை அது அறியாது. ஆதலின், ஒவ்வொரு புதுப் பயிற்சிக்குப் பின்னும் பழைய வாக்கியங்களைக் கொடுத்துச் சோதித்தல் மொழிபெயர்ப்பாளராகிய நம் கடமையாகும்.