வாயில்லாத பருப்பு



நம் கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்தில், காசிமேட்டில், கொஞ்ச காலம் யூதர்களின் கல்லறைக் கற்கள் இருந்தன. பவளமும் வைரமும் வியாபாரம் செய்யச் சென்னப்பட்டினம் வந்தவர்கள் அவர்கள். பவளக்காரத் தெரு இன்னும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. வைர வியாபாரி ஜாக் டி பைவா 1687இல் இறந்து இந்த ஊரில்தான் அடக்கமானார். ஜார்ஜ் டவுன் பக்கமிருந்து பெயர்த்த கற்கள் காசிமேட்டிலும் நிலைக்காமல், கடைசியில் லாயிட்ஸ் சாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த மக்கள் துக்கம் ஆற்றும் முறையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் ‘ஷிவா’. வீட்டார் தாழ்வான ஆசனத்தில் உட்காருவார்கள். வாசல் கதவைப் பூட்ட மாட்டார்கள். முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும்: அவித்த முட்டை, நம் மைசூர்ப் பருப்புப் போன்ற பயறு. மற்றப் பயறுகளுக்கு வாய் மாதிரி ஒரு பிளவு உண்டு, இதற்கு இல்லை. துக்கத்தில் இருப்பவனுக்கும் வாய் இல்லை என்று அவர்களுடைய பழைய ஞானிகள் காரணம் சொன்னார்கள். துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை ஆறுதல் சொல்ல வந்தவர் பேசக் கூடாது என்றும் விதித்தார்கள். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் வேதத்தில் வரும் யோபுவின் கதை. எல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த அவருடைய நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் அவரைப் புண்படுத்தினார்கள்.

என் அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் பேசினார்கள். ‘நல்ல சாவுப்பா.’ ‘மனச தேத்திக்கோ.’ அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொன்றும் குத்தியது. எதிர்வீட்டு அக்கா மட்டும் தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. கொடியில் அப்பாவின் காக்கிச் சட்டை தொங்கியது. “அந்த கிரீஸ் கறை கடைசி வரைக்கும் போகவே இல்லக்கா” என்றேன். “ஆமாம்பா” என்றார். அப்புறம் ராத்திரி வரை நான்தான் பேசினேன்.

நம் வடசென்னைக்கும் ஒரு கலை இருக்கிறது. சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவோம். போனவர் பெயர், செய்த வேலை, அவர் குணம் எல்லாம் பாட்டில் வரும். யூதர்கள் சொல்லும் ‘கதிஷ்’ பிரார்த்தனையில் சாவு என்ற சொல்லே கிடையாது, பெரும்பாலும் கடவுளின் புகழ்தான். ஆனால் பத்துப் பேர் கூடாமல் அதைச் சொல்ல முடியாது. அழுகிறவனைத் தனியே விடக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். எனக்குக் கானாவை அவ்வளவு பிடிக்கும். இருந்தாலும் அது ஒரு ராத்திரியோடு முடிந்துவிடுகிறதே என்ற குறை எனக்கு உண்டு. அவர்கள் ஏழு நாளோடு நிறுத்தாமல், அடக்கத்திலிருந்து முப்பது நாள் என்றும், தாய் தகப்பனுக்குப் பதினோரு மாதம் கதிஷ் என்றும் நீட்டி வைத்திருக்கிறார்கள். நமக்குப் பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது. நடுவில் இருக்கும் நாட்களில் யார் வருகிறார்கள்?

மூன்றாம் நாள் ஷாமியானாவைப் பிரித்தார்கள். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றினார்கள். தெரு பழையபடி ஆகிவிட்டது. நாலாம் நாள் சாயங்காலம், வாசலில் மறுபடி அந்தத் தூக்குவாளிச் சத்தம் கேட்டது.