உருக்குலையாத அலை

கரும்பலகை கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். ஆகவே சமன்பாடு கிடையாது. தாவரவியல்காரர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

நாம் படித்த அலைப்பாடம் நினைவிருக்கிறதா? மேற்பொருந்துதல் தத்துவம். இரண்டு அலை சந்தித்தால் கூட்டிப் போடு, அவ்வளவுதான். அந்தக் கணக்குக்கு அடங்காத அலை ஒன்று உண்டு.

1834-இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், குதிரைகள் இழுத்து வந்த படகு சட்டென்று நின்றது. முன்னால் திரண்ட நீர் ஒரே மேடாகப் புறப்பட்டு ஓடியது. நீளம் சுமார் 30 அடி, உயரம் ஒன்றரை அடிக்குள். ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் ஒன்றிரண்டு மைல் துரத்தினார். அது லேசில் உருக்குலையவில்லை! பிறகு தொட்டி கட்டிச் சோதித்தும் காட்டினார். அன்றைய கணித மேதை ஏரி ஒப்பவில்லை. பிரான்சின் பூசினெஸ்க் 1871-இல் கணக்கோடு ஒப்புக்கொள்ள 37 வருஷம் ஆயிற்று. 'சாலிட்டான்' என்ற பெயர் வந்ததோ 1965-இல்தான்.

விஷயம் வடம் இழுக்கும் போட்டி மாதிரி. அலையைப் பரப்பப் பார்க்கிறது ஒரு குணம். குவிக்கப் பார்க்கிறது இன்னொன்று. இரண்டும் சரிக்குச் சரி நின்றால் உருவம் நிலைக்கும்.

இனி குளிருக்கு வருவோம். டாக்காவிலிருந்து போஸ் 1924-இல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையில் வேர்விட்ட சிந்தனை, 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கைகூடியது. தனிச்சுழியிலிருந்து ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குகூட விலகாத குளிரில், ரூபிடியம் அணுக்கள் சேர்ந்து ஒரே அலையாயின. லித்தியம் அணுக்களுக்குள் ஈர்ப்பு உண்டு; காந்தப்புலத்தைத் திருகி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். ரஸ்ஸலுக்கு வாய்க்காத வசதி! 2002-இல் பாரிஸில் சுமார் 6,000 லித்தியம் அணுக்கள் சாலிட்டானாகி 1.1 மில்லிமீட்டர் பரவாமல் சென்றன. சிரிக்காதீர்கள், அணுவுக்கு அது நெடும்பயணம். ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு ஒரு வரிசையே ஓடியது.

அதே ரைஸில் 2014-இல் இரண்டை மோதவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கட்டம் ஒத்திருந்தால் நடுவில் உயர்ந்து எழும்பின. எதிராக இருந்தால் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி; முட்டித் திரும்பியது போலவே தோற்றம். திரும்பியதா, கடந்ததா? ஒரே ஜாடையுள்ள இரட்டையரை எப்படி அடையாளம் காண்பது? ஒன்றைச் சிறிதாக, மற்றதைப் பெரிதாக வைத்தார்கள். சிறியது எதிர்ப்பக்கம் வெளியே வந்தது. ஆக, ஊடுருவித்தான் போயிருக்கிறது. வெறும் கூட்டல் செல்லாத இடத்திலும் இரண்டும் தம் உருவோடு மீண்டன.

இந்தச் சமன்பாட்டுக்கும் நமக்கும் உறவுண்டு. காந்தச் சுழற்சிகளின் சங்கிலியும் இதே சமன்பாட்டுக்குள் அடங்கும் என்று 1977-இல் காட்டியவர், பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்த பேராசிரியர் எம். லட்சுமணன்.

"இதனால் என்ன லாபம்?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். பரவாத அணு அலையைப் பிரித்து மீண்டும் சேர்த்தால், ஈர்ப்பு விசையை நுட்பமாக அளக்கும் கருவிக்கு உதவும். 2014-இல் ஆஸ்திரேலியாவில் முதல் முயற்சி நடந்தது. சந்தைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. ரைஸ் சோதனையில் சில ஜோடிகள் மோதியதும் ஒன்றாய் இணைந்தன, சில அழிந்தே போயின. சமன்பாட்டின் பாதை மெல்லிய கோடு. ஆய்வுக்கூடத்துப் பாதைக்கோ கொஞ்சம் பருமன் உண்டு. நடுவில் அணுக்கள் மிஞ்சிக் குவிந்தால் ஈர்ப்பு கை ஓங்கி, எல்லாம் இடிந்து விழுகிறது.