வெள்ளெழுத்தும் புராண படனமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கந்தபுராண படனத்தில் ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் புத்தகத்தையும் பார்க்கவேண்டும், பயன் சொல்பவரின் முகக்குறிப்பையும் பார்க்கவேண்டும். நாம் இளைஞராயிருந்த காலத்தில், ஐம்பதை அணுகிய பெரியவர் ஒருவர் நிமிர்ந்துவிட்டு மீண்டும் குனிந்தபோது அடுத்த அடியைக் காணாது தடுமாறினார். பின்வரிசையிலிருந்து நாம் சிரித்தோம். மறுவருடம் அவர் வாசிக்க வரவில்லை. மறதி வந்துவிட்டதென்று ஊரிற் பேசிக்கொண்டார்கள், நாமும் நம்பினோம்.

அது மறதியன்று. கண்ணின் கருமணிக்குப் பின்னே ஒரு வில்லை உண்டு. தூரத்தை நோக்கும்போது அது தட்டையாயிருக்கும். கிட்ட நோக்கும்போது சூழவுள்ள தசை சுருங்க, வில்லையைப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளர, அது திரண்டு உருளும். உருமாறுவது வில்லையே என்பதைத் தோமஸ் யங் என்னும் ஆங்கிலேயர் தமது கண்ணின்மேல் நீரைத் தேக்கிச் சோதித்து 1801இல் வெளியிட்டார். இதற்கு வேறு யார்தான் கண்ணைக் கொடுப்பார்!

இவ்வில்லையில் வாழ்நாள் முழுவதும் புது நார்கள் சேரும், பழையன உதிர்வதில்லை. ஆகவே அது வரவர இறுகும். 10 வயதுப் பிள்ளை 3 அங்குலத்தில் பிடித்த எழுத்தையும் காணும். 40 வயதில் ஏறக்குறைய 8 அங்குலம் வேண்டும். 60இல் கையை முழுவதும் நீட்டினாலும் போதாது. வெள்ளெழுத்து என்பது இதுவே.

தூரம் மட்டுமன்று, வேகமும் குறைகிறது. இளங்கண் தூரத்திலிருந்து கிட்ட வந்து நிலைக்க ஏறக்குறைய ஒரு செக்கன் போதும். இறுகிய வில்லை இசைந்து கொடுக்கத் தாமதமாகும். விளக்கு மங்கினால் இன்னும் கடினம். அன்று நாம் சிரித்தது அந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான்.

வாசிப்புக் கண்ணாடி அணிந்தால் எழுத்துத் தெரியும், நிமிர்ந்தால் எதிரேயுள்ள முகம் மங்கும். இரண்டுக்கும் உதவும் இரட்டைக் கண்ணாடியைப் பற்றி பெஞ்சமின் பிராங்கிளின் 1784இலேயே கடிதம் எழுதியிருக்கிறார். பயிற்சியால் வில்லை இளகும் என்பாரை நம்பவேண்டாம். திடீரென்று பார்வை மங்கினாலோ, கண் வலித்தாலோ அது வெள்ளெழுத்தன்று. உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

நமது கண்ணும் 40ஐத் தாண்டிவிட்டது. சென்ற மாதம் அப்பெரியவரை வீட்டிற் சென்று கண்டோம். “அப்ப எனக்குக் கண்ணாடி போட வெக்கமாயிருந்தது தம்பி, நீங்கள் சிரிக்க அது இன்னும் கூடிப்போச்சு” என்றார். இவ்வருடப் படனத்துக்கு மேசைவிளக்கும் பெரிய எழுத்துப் பிரதியும் ஒழுங்கு செய்திருக்கிறோம். அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.